கறுப்புக் கரை போட்ட கடிதம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் செல்லும். இங்கிலீசில் பஸ் நம்பரும் கடைப் பெயர்களும் தெரியும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த லண்டனில் அடுத்தவர் வீடுகளைத் துடைத்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் ஒரு கரண்டி குறைகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. என் கையால் ஒரு கோப்பை உடைந்தால் அந்தத் துண்டுகளைக் குப்பையில் போடமாட்டேன். மேசையில் வைத்து, வீட்டுக்காரர் வந்ததும் நானே காட்டுவேன். அப்படிப்பட்டவள் கையால்தான் அந்தக் கடிதம் போனது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடம் என்று நான் கூப்பிட்டது ஒரு வெள்ளைக்கார அம்மாவை. நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவருக்கு எழுபத்தொன்பது வயது. இது நடந்தபோது எண்பத்தெட்டு. விம்பிள்டன் மேட்டில் பழைய செங்கல் வீடு. நான் கோலியர்ஸ் வுட்டில் மகளோடு இருந்தேன், ஒரே பஸ்ஸில் போய்விடலாம். மேடத்துக்குக் கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தங்கையின் மகன், அதாவது பெறாமகன், ஒருவர் வடக்கே வேறு ஊரில் இருந்தார். மேடத்துக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. தலையைச் சரித்துப் பக்கவாட்டில் பார்த்தால் வந்திருப்பது யார் என்று தெரியும். எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாத இரண்டு பேர் ஒரு வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம் என்று பிறகு அவரே ஒருநாள் சொன்னார்.

என் இங்கிலீஷ் பாதி, கைச்சாடை பாதி. அவர் சொல்வதை மெதுவாகச் சொல்வார், விளங்காவிட்டால் வேறு விதமாகச் சொல்வார். அவர் சொன்னதாக இங்கே நான் எழுதுவதெல்லாம் எனக்கு விளங்கின அளவில்தான்.

பின் அறையில் ஐந்து தகரப் பெட்டிகள் இருந்தன. மேடத்தின் தாய் வழியில், ஆறேழு தலைமுறைக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு நீதிபதி இருந்தாராம். அமெரிக்கா ஒரு நாடு என்று ஆகிக் கொஞ்சக் காலந்தான். அந்த நீதிபதி எழுதியதும் அவருக்கு வந்ததும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. அவருடைய மகள் ஒருத்தி லண்டன்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். நீதிபதி இறந்த பிறகு அந்த மகளின் மகன் கப்பலில் போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தாராம். தாய்க்கு வந்த கடிதங்களையும் அவற்றில் சேர்த்துவைத்தாராம். அன்றிலிருந்து வீடு வீடாக மாறி, கடைசியில் இந்தப் பின் அறைக்கு வந்திருந்தன. நான் மேல்தூசியைத் தட்டுவேன். மூடியைத் திறந்ததில்லை. திறக்கச் சொன்னால்தானே திறப்பது.

ஒரு மாரி காலத்தில் மேடம் படியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சரிப்படுத்தினார்கள், ஆனால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் பிடித்துவிட்டது. பெறாமகன் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடி, ஆயத்தமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எதற்கு ஆயத்தம் என்று நான் கேட்கவில்லை. வாசல் கதவுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனார்.

அடுத்த நாள் நான் போனபோது பின் அறையில் தண்ணீர். மேலே ஓடுகிற குழாய் வெடித்து, சுவர் வழியே இறங்கி, பெட்டிகளுக்குள்ளும் போயிருந்தது. பெறாமகனுக்குப் போன் எடுத்துத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். குழாய்க்காரனை அனுப்புகிறேன், பேப்பரைக் காயப்போடு என்றார். அப்போதுதான் நான் முதல் முதலாகப் பெட்டிகளைத் திறந்தேன்.

மூன்று நாள் காயப்போட்டேன். சாப்பாட்டு மேசை, கட்டில், கதிரைகள், நிலம், எல்லா இடமும் துவாய் விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினேன். எந்தப் பெட்டியில் எது இருந்ததோ அதை அந்தப் பெட்டிக்கு முன்னால் வைத்தேன். வாசிக்கத் தெரியாதவளுக்குக் கண் வேறு விதமாக வேலை செய்யும். தடித்த கடதாசியில், வரி வரியாக, கணக்குப்பிள்ளை எழுதினமாதிரிச் சில இருந்தன. மெல்லிய கடதாசியில், முழுவதும் எழுதிவிட்டுப் பிறகு தாளைத் திருப்பி அந்த எழுத்துக்கு மேலேயே குறுக்காக எழுதினவை சில. கடதாசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு போலும். ஒரே கை எழுதிய கடிதங்கள் நிறைய. சாய்ந்த, நெருக்கமான கை. அதை இரண்டாம் நாளே அடையாளம் பிடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள், நாலாவது பெட்டியின் அடியில் இருந்து ஒன்று வந்தது. அதே சாய்ந்த கை. ஆனால் கடதாசியைச் சுற்றி நாலு பக்கமும் நகத்தளவு அகலத்தில் கறுப்புக் கரை. மற்றக் கடிதங்களில் சிவப்பு அரக்கு, இதில் கறுப்பு அரக்கு.

கறுப்புக் கரை என்றால் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் சாவுச் செய்தி கொண்டுவந்த கடிதத்தை ஒரு பொழுதும் வைத்திருப்பதில்லை. வாசித்தவுடன் கிழித்து, படலைக்கு வெளியே போட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவது. முப்பத்தொன்றாம் நாள் வாழ்க்கை வரலாறு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் வேறு. அது இறந்தவருக்குச் செய்கிற மரியாதை, அதை வைக்கலாம். செய்தி கொண்டுவந்த கடதாசி அப்படியல்ல. அதை வீட்டில் வைத்திருந்தால் அது இன்னொன்றைக் கூப்பிடும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நெருப்புச் சுடும் என்பதுபோல அது தெரிந்த விஷயம்.

மேடம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மாஸ்க் போட்டுக் கிடக்கிறார். வீட்டுக்குள், அவர் படுக்கிற அறைக்கு அடுத்த அறையில், இத்தனை வருடமாக ஒரு இழவுக் கடிதம் இருந்திருக்கிறது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். நாலாகக் கிழித்தேன். முன் வாசலால் கொண்டுபோய்க் கவுன்சிலின் பேப்பர்த் தொட்டியில் போட்டேன். அடுத்த நாள் காலை லொறி வந்து எடுத்துப்போனது. அன்று வீட்டுக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் வார்த்தேன்.

ஐந்தாம் நாள் மேடத்துக்குக் காய்ச்சல் விட்டது. நான் என்ன நினைத்திருப்பேன் என்பதை வாசிப்பவர்களே அறிவார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

மேடம் தடி பிடித்து நடக்கத் தொடங்கினார். ஆனால் தனியாக இருக்க ஏலாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். பெறாமகனின் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தார்கள். வீட்டை விற்கவேண்டும், பெட்டிகளை அமெரிக்காவில் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கடிதத்துக்கும் பட்டியல் எழுத ஆள் வேண்டும் என்று ஒருவரை அமர்த்தினார்கள். அவள் வந்த அன்று நான்தான் கதவைத் திறந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண், சென்னைக்காரி, முதுகில் பை, காலில் சப்பாத்து.

"வணக்கம் ஆன்ட்டி. நீங்க தமிழா?"

"ஓம் பிள்ளை. நான் உங்களுக்கு ஆன்ட்டி இல்லை, இந்த வீட்டிலை வேலை செய்யிறன்."

"அப்போ அம்மான்னு கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்கோ. அதிலை ஒரு குறையும் இல்லை."

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வந்தாள். பழைய கடிதங்களை வாசித்துப் பிரித்து எழுதுவதுதான் அவளுடைய தொழில். பேப்பருக்குப் பக்கத்தில் சாப்பாடு கூடாதென்று மத்தியானம் குசினிக்கு வருவாள். கொண்டுவருவது ஒரு சாண்ட்விச். மூன்றாம் நாளிலிருந்து என் புட்டும் சம்பலும்தான் சாப்பிட்டாள்.

"இவ்வளவு படிச்சிருக்கிறீங்கள், ஒரு சோறு வைக்கத் தெரியாதோ?"

"வச்சா என் வீட்டுக்காரரே சாப்பிட மாட்டாரும்மா. ஒரு தடவை சாப்பிட்டுட்டு மூணு நாள் லீவு போட்டார்."

சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு வாசித்ததைச் சொல்லுவாள். கடிதங்களை இரண்டாகப் பிரித்திருந்தாள், ஒன்று தொழில் சம்பந்தமானவை, மற்றது குடும்பத்துக்கு எழுதியவை. நீதிபதிக்கு ஒரு மர ஆலையும் கொஞ்சம் காணியும் இருந்தன. ஆலைச் சக்கரம் உடைந்ததற்கு ஒரு கடிதம், அதைத் திருத்த வந்தவன் குடித்துவிட்டுக் கிடந்ததற்கு ஒரு கடிதம். வழக்குக் கேட்க ஊர் ஊராகக் குதிரையில் போவாராம். போன இடத்திலிருந்து பெண்சாதிக்கு எழுதுவாராம்.

"கேளுங்கம்மா. 'இன்று ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை சொல்லவேண்டி வந்தது. இரவு சாப்பிடவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு சோடி அனுப்பு.' இதுதான் மொத்தக் கடிதமே."

"நீதவான் எண்டாலும் காலிலை குளிருந்தானே."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்குத் தண்டனை சொல்லிவிட்டுச் சாப்பிடாத மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

நாலாம் கிழமை ஒருநாள், பின்னேரத் தேத்தண்ணீரை நான் கொண்டுபோனபோது, மேடம் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மேடம் திரும்பவும் கேட்டார். 'பிளாக்' என்ற சொல் எனக்குக் கேட்டது. விரலால் கடதாசியின் விளிம்பைச் சுற்றிக் காட்டினார்.

குசினிக்கு வந்ததும் என்னவென்று கேட்டேன்.

"ஒரு லெட்டரைத் தேடறாங்கம்மா. கறுப்பு பார்டர் போட்டது. அந்த ஜட்ஜோட மக, சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிட்டு இங்க வந்தா இல்ல? அவர் உயில்ல இருந்து அவ பேரையே எடுத்துட்டார். அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க எல்லாம், கடைசி வரைக்கும் அவர் மகளை மன்னிக்கலைன்னுதான் சொல்றாங்களாம். புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்காம்."

"பிறகு?"

"பொண்டாட்டி செத்தப்போ அவரே மகளுக்குக் கைப்பட ஒரு லெட்டர் எழுதினாராம். அதுல மன்னிச்சுட்டார்னு இவங்க பாட்டி சொல்வாங்களாம். இவங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது பாட்டி தூரத்துல வச்சுக் காட்டியிருக்காங்க, தொட விடலை. இவங்க படிச்சதே இல்ல. இப்ப கண்ணும் போச்சு. என்னைப் படிச்சுச் சொல்லச் சொல்றாங்க. அந்த ஒரு லெட்டர் தாம்மா சாட்சி. அது பெட்டியோட போனாத்தான் அந்த மக பேர் நேராகும். மேடம் அதுக்காகத்தான் என்னையே வரவழைச்சாங்க."

"நகல் ஒண்டும் இல்லையோ?"

"தொழில் லெட்டர் எல்லாத்துக்கும் இன்னொரு பிரதி எழுதி, கையெழுத்தும் போட்டு வச்சிருக்கார். மகளுக்கு எழுதினதுக்கு யாரு நகல் எடுப்பாங்க?"

நான் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ."

"ஏன் திறக்கக் கூடாது?"

"அது பழங்காலத்துக் கடதாசி. என்ன பெறுமதியோ ஆருக்குத் தெரியும்? பொலிசுக்குச் சொன்னால் என்ன செய்யிறது? குப்பை லொறி கொண்டுபோனதை ஒருத்தரும் காணேல்லை. தண்ணியிலை பழுதாப் போச்செண்டு அவையள் நினைக்கட்டும்."

"நான் ஒருநாளும் அப்பிடிச் செய்யேல்லை."

"இப்ப செய்யுங்கோ. அந்த மனிசி இன்னும் ரெண்டு மாதத்திலை போகப்போறா. ஆருக்கு நட்டம்?"

அவள் எனக்காகப் பயந்துதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதை நான் கேட்டேன். அதுதான் உண்மை. நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனேன், துடைத்தேன், தேத்தண்ணீர் ஊற்றினேன். சென்னைக்காரி ஐந்து பெட்டியையும் திரும்பத் திரும்பக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை நாலாவது பெட்டியின் அடித்தகட்டைக் கூட நிமிர்த்திப் பார்த்தாள். அந்த நாலு நாளை நினைத்தால், கிழித்ததைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பெறாமகன் வந்திருந்தார். முன் அறையில் மேடம், அவர், சென்னைக்காரி மூவரும் இருந்தார்கள். நான் கதவடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் கதைத்தார். பழைய கடிதங்களை வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், இப்படிப் பட்டியல் எழுத வந்தவர்களிடமிருந்து தொலைந்த கதைகள் கேள்விப்பட்டிருக்கிறேன், குறை நினைக்கவேண்டாம், பையைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா என்றார். எனக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனால் அவர் பையைக் காட்டியதும் அவள் முகத்திலிருந்து இரத்தம் போனதும் விளங்கியது.

அவள் பையை எடுத்து மடியில் வைத்தாள். ஜிப்பைத் திறந்தாள். முதலில் எடுத்து வெளியே வைத்தது நான் புட்டுப் போட்டுக் கொடுத்துவிடுகிற டப்பாவை.

நான் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"நோ பேக்," என்றேன். "மீ. ஐ டெயர். பிளாக் லெட்டர், மீ." கையால் கிழித்துக் காட்டினேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் தலையைச் சரித்துப் பார்த்தார். அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. சென்னைக்காரியிடம் தமிழில் சொன்னேன்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். கூட்டாதையும், குறைக்காதையும். மேடம் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை கடதாசி காயப்போட்டனான். அதிலை கறுப்புக் கரை போட்ட கடிதம் இருந்தது. செத்தவீட்டுக் கடிதம் வீட்டிலை இருக்கக் கூடாது. மேடத்துக்கு ஏதும் நடந்திடும் எண்டு நாலாக் கிழிச்சுத் தொட்டியிலை போட்டனான். லொறி கொண்டு போட்டுது. நாலு நாளாத் தெரிஞ்சும் சொல்லேல்லை. அதையும் சொல்லும்."

அவளைக் கள்ளியோ என்று கேட்ட வாய்க்கு முன்னால் அவளே எனக்கு மொழிபெயர்த்தாள். சொல்லி முடித்துவிட்டுத் தானாக இன்னும் ஏதோ சேர்த்தாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். எங்கள் வீட்டிலும் கருமாதிக் கார்டு வந்தால் கிழித்துவிடுவார்கள், எனக்கு இது புதிதில்லை என்று சொன்னாளாம். கூட்டாதே என்று சொன்னேனே என்றேன். இது உங்கள் கதையில்லை, என் கதை என்றாள்.

பெறாமகன் எழுந்து நின்றார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார், அதை நான் மறைக்கக் கூடாது. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்றைக்கு வீட்டுக்குப் போ," என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, திறப்பை வாசல் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது நாள் ஒரு செய்தியும் இல்லை. மகள் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். வேறு வீட்டு வேலை இரண்டு இருந்தது, அங்கே போய்வந்தேன். பொலிசு வருமென்று மகள் ஜன்னலைப் பார்ப்பாள். நான் பார்க்கவில்லை. வந்தால் கதவைத் திறக்கத்தானே வேண்டும்.

பத்தாம் நாள் சென்னைக்காரி போன் எடுத்தாள். "அம்மா, மேடம் உங்களை வரச் சொல்றாங்க. பயப்படாதீங்க."

"நான் பயப்பிடேல்லை. வாறன் எண்டு சொல்லும்."

முன் அறையில் பாதிச் சாமான்கள் போயிருந்தன. மேடம் கதிரையில் இருந்தார். பெறாமகன் ஜன்னலோரம். என்னை உட்காரச் சொன்னார் மேடம். அந்த அறையில் ஒன்பது வருடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். சென்னைக்காரி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து மொழி மாற்றிச் சொன்னாள்.

முதலில் அவர் கேட்டது இதை: "உன் சொந்த வீட்டுக் கடிதங்களையும் இப்படித்தான் கிழித்தாயா?"

ஓம் என்றேன். என் தாய் செத்த செய்தி மூன்று கிழமை பிந்தித்தான் லண்டனுக்கு வந்தது. ஊரில் சண்டைக் காலம். எனக்கு வாசித்து முடிக்கப் பொறுமை இல்லாமல், டூட்டிங் கடையில் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தேன். கடை வாசலிலேயே கிழித்துப் போட்டேன். அம்மா கடைசியாக என்ன சொன்னா என்று தம்பி அதில் ஒரு வரி எழுதியிருந்தான். இப்போது அந்த வரி சரியாக ஞாபகம் இல்லை. தம்பியும் இல்லை, கேட்பதற்கு. இதை நான் சொன்னபோது மாற்றிச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மேடம் என் பக்கம் தலையைச் சரித்துச் சொன்னார்: "நான் அந்தக் கடிதத்தைத் தூரத்தில் இருந்துதான் கண்டேன். உயிரோடு இருப்பவர்களில் அதைக் கையில் வைத்துப் பார்த்தது நீ ஒருத்திதான். எப்படி இருந்தது, சொல்."

"வாசிக்கத் தெரியாதவளிடம் கேட்டு என்ன பயன்?" என்றார் பெறாமகன். அதை அவள் எனக்கு மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு விளங்கியது.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஒரு பக்கந்தான். மேலே ஒன்பது பத்து வரி, நெருக்கமாக. பிறகு ஒரு விரல் இடைவெளி. பிறகு மூன்று வரி, கொஞ்சம் பெரிய எழுத்து, ஒன்றோடொன்று முட்டாமல். அந்த மூன்றில் நடு வரியில் ஒரு இடத்தில் மை தடித்து, பேனையை வைத்துவிட்டு யோசித்தமாதிரி. கீழே அவருடைய பெயர்.

"பெயருக்குக் கீழே மற்றதுகளிலை போடுற சுழி இதிலை இருக்கேல்லை," என்றேன்.

சென்னைக்காரி திரும்பினாள். "என்ன சுழி?"

"மற்றக் கடிதங்களிலை பெயரை எழுதிப்போட்டு அதுக்குக் கீழை கயிறு முறுக்கினமாதிரி ஒரு சுழி சுழிச்சிருப்பார். தடிச்ச கடதாசி எல்லாத்திலையும் இருக்கு. மெல்லிசுக் கடதாசியிலை இல்லை. கறுப்புக் கரையிலும் இல்லை. காயப்போடேக்கை பாத்தனான்."

அவள் எழுந்து போய் இரண்டு பெட்டிகளிலிருந்து கடிதங்களை எடுத்துவந்தாள். மேசையில் வரிசையாக அடுக்கினாள். ஆலைக்காரனுக்கு, வக்கீலுக்கு, காணிக்காரனுக்கு எழுதினவை. ஒவ்வொன்றிலும் சுழி. பெண்சாதிக்கு, மகன்மாருக்கு எழுதினவை. வெறும் பெயர் மட்டும். ஆறு கிழமை வாசித்திருக்கிறாள், இது அவள் கண்ணில் படவில்லை. அவள் எழுத்தைப் பார்த்தவள்.

பிறகு இன்னும் இரண்டைத் தேடி எடுத்தாள். அவை அந்த மகளுக்கே, அவள் ஓடிப்போன பிறகு, அவளுடைய உடைமைகளை அனுப்புவது பற்றி எழுதினவை. இரண்டிலும் பெயருக்குக் கீழே சுழி இருந்தது. பெற்ற மகளுக்கு, ஆலைக்காரனுக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த கறுப்புக் கரைக் கடிதத்தில்தான் சுழி இல்லை, வீட்டு ஆட்களுக்கு எழுதுவதுபோல.

அவள் அதை மேடத்துக்கு இங்கிலீசில் சொன்னாள். சொல்லும்போது மேடத்தின் விரலைப் பிடித்து அந்தச் சுழியின்மேல் ஓட்டினாள்.

"அவள் உங்களைச் சந்தோஷப்படுத்தச் சொல்லுகிறாள்," என்றார் பெறாமகன், என்னைக் காட்டி. மெதுவாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

மேடம் திரும்பாமலே பதில் சொன்னார். "சந்தோஷப்படுத்த நினைத்தவள் கிழித்ததையே சொல்லியிருக்க மாட்டாள்."

பிறகு என்னைக் கேட்டார், உறுதியாகச் சொல்லுவாயா என்று. நான் யோசித்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, மன்னித்தாரா என்றும் தெரியாது. ஆனால் சுழி இல்லை, அது எந்தச் சாமிக்கு முன்னாலும் சொல்லுவேன் என்றேன். அது போதும் என்றார். அவர் அழவில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர் கையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை. அந்த உரிமையை நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

பட்டியலில் அந்தக் கடிதத்துக்கும் ஒரு இடம் வைக்கவேண்டும் என்றாள் சென்னைக்காரி. இல்லாத கடிதமாக இருந்தாலும் இருந்தது என்று எழுதவேண்டுமாம். கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு இங்கிலீசில் மேடத்துக்கு வாசித்தாள், எனக்குத் தமிழில் சொன்னாள்.

"கேளுங்கம்மா. 'ஜட்ஜ் தன் மகளுக்கு மனைவியின் மரணத்தை அறிவித்து எழுதிய கடிதம். ஒரு பக்கம், கறுப்புக் கரை, கறுப்பு அரக்கு. கையெழுத்தின் கீழ் சுழி இல்லை. வீட்டுப் பணியாளர் ஒருவரால் அறியாமல் அழிக்கப்பட்டது. விவரம் அவர் நினைவிலிருந்து.'"

"அறியாமல் இல்லை," என்றேன்.

"அது உங்களுக்கு நல்லதுக்குத்தாம்மா போட்டேன்."

"எனக்கு நல்லதுக்குப் பொய் எழுதவேண்டாம். அது செத்தவீட்டுக் கடிதம் எண்டு அறிஞ்சுதான் கிழிச்சனான். ஆருக்கு எழுதின கடிதம் எண்டுதான் தெரியாது. அதை அப்பிடியே எழுதும்."

மேடம் கண்ணைத் திறக்காமல் என்ன சண்டை என்று கேட்டார். அவள் சொன்னாள். கிழித்தவள் சொல்கிறபடியே இருக்கட்டும் என்றார் மேடம்.

அவள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தங்கள் வழக்கப்படி, வீட்டுக்காரரின் உயிருக்குப் பயந்து, என்று எழுதினாள். சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.

"பேர் போடணுமாம்மா? போடாமலும் விடலாம். பணியாளர்னே இருக்கட்டும்."

ஆலையைத் திருத்த வந்து குடித்துவிட்டுக் கிடந்தவனுக்கே அந்தப் பெட்டிகளில் பெயர் இருந்தது.

"போடும்," என்றேன். தகப்பன் பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் எழுதினாள்.